உங்களுக்குத் தெரியுமா? மதில் நத்தையும் மர நத்தையும்

◆ மழை பெய்து ஓய்ந்த காலையில் மாளிகாவத்தைத் தொடர்மாடி மதில்களிலும், பூச்சாடிகளின் அடியிலும், கான் ஓரங்களிலும் உள்ளங்கை நீளத்துக்குப் பழுப்பு நிற நத்தைகள் ஊர்ந்துகொண்டிருக்கும். கொழும்பில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நத்தை என்றாலே மனதில் வருவது இதுதான். ஆனால் இது இலங்கை நத்தை இல்லை. இதன் சொந்த இடம் கிழக்கு ஆபிரிக்கா. பொதுப் பெயர் ஆபிரிக்க இராட்சத நத்தை. விஞ்ஞானப் பெயர் லிசாகட்டினா புலிக்கா. பழைய புத்தகங்களில் அகட்டினா புலிக்கா என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான்.

◆ இலங்கைக்கு இதைக் கொண்டுவந்தவர் யார் என்பதும் பதிவாகியிருக்கிறது. அவர் கப்பற்காரரும் இல்லை, வியாபாரியும் இல்லை. ஒலிவர் கொலெட் என்ற இயற்கை ஆர்வலர். இலங்கை நத்தைகளைத் தேடித் தேடிச் சேகரித்து, அவற்றைப் பற்றி ஆய்வுக் குறிப்புகள் எழுதியவர். 1900ஆம் ஆண்டில் அவர் இந்த ஆபிரிக்க நத்தையை இங்கே கொண்டுவந்து விட்டார். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்குள் அரசாங்கப் பூச்சியியலாளர் ஈ. ஈ. கிரீன் இந்தப் புதிய தொல்லையைப் பற்றி எழுதவேண்டி வந்தது.

◆ இந்தியாவிலும் இதே கதைதான், அரை நூற்றாண்டு முந்தி. 1847இல் மொரீசியஸிலிருந்து கொண்டுவந்த நத்தைகளைக் கல்கத்தாவின் சௌரங்கியில் ஒரு தோட்டத்தில் விட்டவர் வில்லியம் ஹென்றி பென்சன். இந்திய, இலங்கை நத்தை இனங்கள் பலவற்றுக்கு விஞ்ஞானப் பெயர் வைத்த அதே பென்சன். வேலியே பயிரை மேய்ந்தது என்று சும்மாவா சொன்னார்கள்!

◆ மொரீசியஸும் அதற்குப் பிறந்த வீடு அல்ல. ஆபிரிக்கக் கரையிலிருந்து மடகஸ்கர், அங்கிருந்து மொரீசியஸ், பிறகு கல்கத்தா, இலங்கை, மலாயா என்று கிழக்கு நோக்கியே வந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் யப்பானியர் பசுபிக் தீவுகள் சிலவற்றில் உணவுக்காக இதைப் பரப்பினார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தூக்கிச் சென்றது மனிதக் கைதான். நத்தை தானாக நடந்து கடல் கடக்காது.

◆ தானாக நடந்தால் எவ்வளவு தூரம் போகும்? விநாடிக்கு ஒரு மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், கெத்தாராம மைதானத்தின் 22 யார் ஆடுகளத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கடக்க ஐந்தரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகும்.

◆ மதிலில் ஏன் ஏறுகிறது? சுண்ணாம்புக்காக. நத்தையின் ஓடு பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. ஓடு வளர வளரக் கல்சியம் வேண்டும். இலையில் கிடைப்பது போதாது. சுண்ணாம்பு அடித்த சுவர், சீமெந்துப் பூச்சு, இறந்த நத்தையின் ஓடு, எது கிடைத்தாலும் நாக்கால் அராவித் தின்னும். நாக்கு என்பது நம்முடையதைப் போன்றது அல்ல. ஆயிரக்கணக்கான நுண்பற்கள் வரிசை வரிசையாகப் பதிந்த ஒரு நாடா. நுனிப் பற்கள் தேயத் தேயப் பின்னாலிருந்து புதியவை முன்னே வரும். சுண்ணாம்பு அடித்த மறுவாரமே சுவரில் வளைவு வளைவான கீறல் கண்டால் பெயின்ட்காரரைத் திட்ட வேண்டாம்.

◆ ஒரு தடவையில் 100 முதல் 400 முட்டை. இரண்டு வாரமளவில் பொரித்துவிடும். ஆறு மாதம் கழிய அந்தக் குஞ்சுகளும் முட்டையிடத் தயார். ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இரு பாலும் உடையது. ஒருமுறை இணை சேர்ந்தால் கிடைத்த விந்தை மாதக்கணக்கில் உடலுக்குள் சேமித்து வைத்து முட்டையிடும். அதாவது ஒரு வாழைக்கன்றின் அடி மண்ணோடு ஒற்றை நத்தை வந்தாலும் ஒரு தோட்டத்துக்குப் போதும்.

◆ அமெரிக்காவின் புளோரிடாவில் இது நடந்தே இருக்கிறது. 1966இல் ஹவாயிலிருந்து மியாமிக்குத் திரும்பிய ஒரு சிறுவன் மூன்று நத்தைகளைக் கொண்டுவந்தான். பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டுவிட்டார். அடுத்த ஏழு வருடங்களில் பொறுக்கி எடுக்கப்பட்டவை ஏறத்தாழ 18,000. முற்றாக ஒழிக்க 1975 வரை ஆனது. செலவு பத்து இலட்சம் டொலருக்கு மேல். 2011இல் மீண்டும் வந்தது. பத்து வருடம் பாடுபட்டு 2021இல் ஒழித்தோம் என்று அறிவித்தார்கள். 2022இல் வேறொரு மாவட்டத்தில் தலை காட்டிவிட்டது.

◆ வரட்சி வந்தால் சாகாது. மண்ணுக்குள்ளோ கல்லிடுக்கிலோ புகுந்து, ஓட்டின் வாயைச் சளிப்படலத்தால் அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கும். தை, மாசியில் காணாமற்போனது சித்திரை மழையோடு கூட்டமாக வெளியே வருவது இதனால்தான்.

◆ உலகின் மிகப் பெரிய தரை நத்தை என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தது இதன் உறவினன். 1976இல் மேற்கு ஆபிரிக்காவின் சியரா லியோனில் பிடிபட்ட அகட்டினா அகட்டினா. தலையிலிருந்து வால் வரை 39.3 சென்ரிமீற்றர், எடை 900 கிராம்.

◆ இனி நம் நத்தைக்கு வருவோம். இலங்கையில் தரை நத்தை இனங்கள் ஏறத்தாழ 250. அவற்றில் 80 வீதத்துக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லாதவை. யானைக்கும் சிறுத்தைக்கும் இந்தப் பெருமை இல்லை. யானை இந்தியாவில் உண்டு, சிறுத்தை ஆபிரிக்கா வரை உண்டு. ஆனால் இந்த நாட்டின் உண்மையான தனிச்சொத்துப் பட்டியலை எடுத்தால் நத்தைகள் முன்வரிசையில் நிற்கும். தபால் முத்திரைக்கும் பணத்தாளுக்கும் ஆள் தேடுகிறவர்கள் இந்தப் பக்கமும் கொஞ்சம் பார்க்கலாம்.

◆ அந்தப் பட்டியலின் தலைவன் அகேவஸ். ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர் அகலத்தில் உருண்டையான, சற்றுத் தட்டையான ஓடு. கபிலம், செங்கபிலம், வெளிர் மஞ்சள் எனப் பல நிறம். ஓட்டின் வாய் விளிம்பு உதடு மடிந்தாற்போல வெளியே விரிந்து, சில இனங்களில் இரத்தச் சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். மரத்தில் வாழ்வது. பகலில் பட்டையோடு ஒட்டிக்கொண்டு அசையாது. இரவில் இறங்கி ஏறி, பட்டையில் படர்ந்த பாசி, பூஞ்சணம், இலைக்கன் ஆகியவற்றை அராவித் தின்னும். தென்மேற்கு ஈரவலயம்தான் இதன் நாடு. சிங்கராஜ, கன்னெலிய போன்ற காடுகளில் மட்டுமல்லாமல் காலி, களுத்துறை, இரத்தினபுரிப் பக்கத்து வீட்டுத்தோட்டங்களிலும் பலாமரத்திலும் கமுகிலும் காணலாம். பயிருக்கு இதனால் பெரிய தொல்லை கிடையாது.

◆ இந்த நத்தைக்கு விஞ்ஞானப் பெயர் கிடைத்தது 1758இல். சுவீடனின் லின்னேயஸ் தமது புகழ்பெற்ற நூலின் பத்தாம் பதிப்பில் இதற்கு ஹீலிக்ஸ் ஹீமஸ்டோமா என்று பெயரிட்டார். உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறை விலங்கியலில் தொடங்குவதே அந்தப் பதிப்பிலிருந்துதான். அப்போது இலங்கைக் கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. ஓடு மட்டும் ஐரோப்பா போய்ச் சேர்ந்துவிட்டது. உள்ளே இருந்த உயிரை லின்னேயஸ் பார்த்ததில்லை. அவர் காலத்தில் உருண்டைச் சுருள் ஓடு எதுவானாலும் ஹீலிக்ஸ் என்ற ஒரே சாதிக்குள் போட்டுவிடுவார்கள். ஐரோப்பியத் தோட்ட நத்தையும் அதில், நம் சிவப்புவாய் நத்தையும் அதில்.

◆ அகேவஸ் என்ற தனிச்சாதியை உருவாக்கி அந்தக் கூட்டத்திலிருந்து பிரித்தவர் பிரெஞ்சுக்காரர் டெனி த மொன்போர். ஆண்டு 1810. இந்த மனிதரின் கதையே தனி. கப்பலைச் சுற்றி வளைத்து ஆழத்துக்கு இழுக்கும் இராட்சத ஒக்டோபஸ் உண்டென்று நம்பி, படம் வரைந்து நூலில் போட்டவர். 1782இல் காணாமற்போன பிரித்தானியப் போர்க்கப்பல்களை ஒக்டோபஸ்தான் அமிழ்த்தியது என்று வாதாடினார். கப்பல்கள் மூழ்கியது புயலில். மொன்போரின் மதிப்பும் அதோடு மூழ்கியது. பாரிஸில் வறுமையில் இறந்தார். ஒக்டோபஸ் விஷயத்தில் பேர் கெட்டாலும் நத்தை விஷயத்தில் அவர் வைத்த பெயர் இன்றும் நிற்கிறது.

◆ உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்காக: இராச்சியம் அனிமாலியா, கணம் மொலஸ்கா, வகுப்பு கஸ்திரோபோடா, வருணம் ஸ்டைலோமடோபோரா, குடும்பம் அகேவிடே, சாதி அகேவஸ், இனம் அகேவஸ் ஹீமஸ்டோமா. வருணத்தின் நீண்ட பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். நீட்டிய கொம்பின் நுனியில் கண் உள்ள நத்தைகள் என்பதுதான் விஷயம். அந்தக் கொம்பு அறுந்தாலும் கண்ணோடு சேர்த்து மீண்டும் வளரும்.

◆ அகேவிடே என்ற குடும்பத்தை 1895இல் வகுத்தவர் பிலடெல்பியா இயற்கை விஞ்ஞான அக்கடமியின் ஹென்றி பில்ஸ்பிரி. நத்தைக்கும் சிப்பிக்கும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்களை வைத்தவர். ஓட்டை மட்டும் பார்த்து வகைப்படுத்தினால் ஏமாந்துபோவோம் என்று அவருக்குத் தெரியும். ஒரேவகையான வாழ்க்கை ஒரேவகையான ஓட்டை உண்டாக்கிவிடும். உறவு இருக்கவேண்டும் என்பதில்லை. அதனால் உள்ளுறுப்புகளையும் முட்டையையும் குஞ்சையும் பார்த்தார். பெரிய முட்டையிட்டுப் பெரிய குஞ்சு பொரிக்கும் நத்தைகளை ஒரு தனிக்கூட்டமாக எடுத்து வைத்தார். அந்தக் கூட்டத்தில்தான் இலங்கையின் அகேவஸ், மடகஸ்கரின் ஹெலிகோபான்டா, அவுஸ்திரேலியாவின் சில நத்தைகள், தென்னமெரிக்காவின் சில நத்தைகள் எல்லாம் சேர்ந்து வந்தன.

முட்டை எவ்வளவு பெரியது? அகேவஸின் முட்டை குறுக்கே ஒரு சென்ரிமீற்றர் அளவு வரும். கடினமான ஓடுடையது, சிறு பறவையின் முட்டையோ என்று மயங்க வைக்கும். எண்ணிக்கையில் மிகச் சில. மதில் நத்தையின் முட்டை அதில் பாதிப் பருமன்தான், ஆனால் நூற்றுக்கணக்கில். ஒன்று கூட்டத்தைப் பெருக்கிப் பிழைக்கிறது, மற்றது சில பிள்ளைகளைத் தேற்றி அனுப்பிப் பிழைக்கிறது. காட்டை வெட்டினால் முதலில் அடிபடுவது எது என்று சொல்லத் தேவையில்லை.

◆ பில்ஸ்பிரி அன்று சேர்த்த கூட்டம் இன்று பல குடும்பங்களாகப் பிரிந்துவிட்டது. அவுஸ்திரேலியாவுக்கு கரியோடிடே, தென்னமெரிக்காவுக்கு ஸ்ட்ரோபோகைலிடே, தென்னாபிரிக்காவுக்கு டோர்காசிடே. அகேவிடே குடும்பத்தில் மிஞ்சியிருப்பவை இலங்கை, மடகஸ்கர், சீசெல்ஸ் மூன்றிலும் வாழ்பவை. இலங்கையில் அகேவஸ், ஒலிகோஸ்பைரா என இரண்டு சாதிகள். மடகஸ்கரில் ஹெலிகோபான்டா, அம்பெலிட்டா. சீசெல்ஸில் ஸ்டைலோடொன்டா.

◆ வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். இலங்கை, சீசெல்ஸ், மடகஸ்கர். நடுவில் இந்துசமுத்திரம். நத்தை நீந்தாது, உப்புநீர் பட்டால் சாகும். பின் எப்படி? நிலமே நகர்ந்தது. ஆபிரிக்கா, மடகஸ்கர், இந்தியா, இலங்கை, அவுஸ்திரேலியா, தென்னமெரிக்கா, அந்தாட்டிக்கா எல்லாம் ஒருகாலத்தில் கொண்ட்வானா என்ற ஒரே பெருநிலம். மடகஸ்கரிலிருந்து இந்தியாவும் இலங்கையும் பிரிந்தது ஏறத்தாழ 8.8 கோடி வருடங்களுக்கு முன். சீசெல்ஸ் விடுபட்டது ஏறத்தாழ 6.5 கோடி வருடங்களுக்கு முன். நிலத்துண்டுகள் வடக்கே பயணம் போனபோது நத்தைகளும் மேலே இருந்தன. காலித் தோட்டத்துக் கமுகில் ஒட்டியிருக்கும் அந்த நத்தையின் வம்சம் இமயமலையை விட மூத்தது.

◆ இதில் ஒரு புதிர். இலங்கைக்கு இவ்வளவு அருகில் இருக்கும் இந்தியாவில் அகேவிடே குடும்பத்து நத்தை ஒன்றுகூட இல்லை. பாக்குநீரிணை ஆழமற்றது, கடல்மட்டம் தாழ்ந்த காலங்களில் தரைவழி இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையிலோ மழைக்குக் குறைவில்லை. ஆனாலும் இல்லை. ஆய்வாளர் சொல்லும் ஒரு விளக்கம், ஏறத்தாழ 6.6 கோடி வருடங்களுக்கு முன் தக்காணத்தில் பீறிட்ட எரிமலைக் குழம்பு. இந்தியாவின் நடுப்பகுதியில் பெரும்பரப்பை அது மூடியது. கிளம்பிய வாயுக்கள் காலநிலையையே மாற்றின. அந்தப் பேரழிவில் இந்தியக் கிளை அற்றுப்போக, தெற்கு மூலையில் தள்ளி இருந்த இலங்கைக் கிளை தப்பியது என்கிறார்கள். இடையில் கிடந்த வரண்ட சமவெளியோ, அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் போக ஈரக்காட்டு உயிர்களுக்கு வழி விடவில்லை.

◆ கொரில்லா என்று ஒரு நத்தையும் இலங்கைக் காட்டில் உண்டு. குரங்கு இல்லை! கொரில்லிடே குடும்பம். காசு போலத் தட்டையான ஓடு; வாய்க்குள் எட்டிப் பார்த்தால் பற்கள் போல மடிப்புகள். வாய்வழியே புகுந்து தின்ன வரும் பூச்சிகளுக்குத் தடையாக இருக்கலாம். இந்தச் சாதியில் ஏறத்தாழ எல்லா இனங்களும் இலங்கையில். ஒன்றே ஒன்று மட்டும் மேற்குத் தொடர்ச்சி மலையில்.

◆ இராவணன் பேரில் நத்தைச் சாதி உண்டு என்றால் நம்புவீர்களா? இருக்கிறது. சாதியின் பெயரே ராவணா. ஏரியோபான்டிடே குடும்பம். இலங்கைக்கு மட்டுமே உரியது. இலங்கையின் பழம்பெயரான ரத்னதீபத்தை நினைவூட்டும் ரத்னத்வீபியா என்ற இன்னொரு சாதியும் இங்கே மட்டும்தான். அதன் ஓடு சுருங்கிப்போய், உடம்பு முழுவதையும் உள்ளே இழுக்க முடியாத நிலை. நத்தைக்கும் ஓடில்லாத அட்டைநத்தைக்கும் நடுவில் நிற்கிறது.

இரண்டு பெயரையும் வைத்தவர் ஹென்றி ஹாவர்ஷாம் கொட்வின்-ஒஸ்டன் (1834–1923). பெயர் எங்கோ கேட்டதுபோல இருக்கிறதா? உலகின் இரண்டாவது உயரமான சிகரமான கே-2, பழைய வரைபடங்களில் இவர் பெயரில்தான் இருந்தது. காரக்கோரத்தின் பனியாறுகளை அளந்த நில அளவையாளர். ஓய்வுபெற்ற பின் வருடக்கணக்காக உட்கார்ந்து இந்திய, இலங்கை நத்தைகளை அறுத்து, உள்ளுறுப்புகளைப் படமாக வரைந்தார். ஓடுகளைப் பெட்டியில் அடுக்கி ரசித்துக்கொண்டிருந்த காலத்தில் உள்ளே இருப்பதைப் பார் என்று பிடிவாதம் பிடித்தவர். சிகரம் இன்று கே-2 என்றே வழங்குகிறது. ராவணா மட்டும் அவர் வைத்தபடியே இருக்கிறது.

◆ ஓடில்லாத அட்டைநத்தைகள் எல்லாம் ஒரே குடும்பம் என்று நினைக்கவேண்டாம். ஓட்டைக் கைவிடும் போக்கு நத்தைகளில் பல குடும்பங்களில் தனித்தனியாக, பல தடவை நடந்திருக்கிறது.

◆ இலங்கைச் சிவில் சேவையில் இருந்த ஹியூ நெவில் (1847–1897) என்ற ஆங்கில அதிகாரி இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஓலைச்சுவடிகளைத் திரட்டினார். அவை இப்போது லண்டன் பிரித்தானிய நூலகத்தில். அதே மனிதர் ஓய்வுநேரத்தில் திரட்டியது ஓடுகள். தம்பி, தமையன் இருவருக்கும் அதே பைத்தியம். தமையன் ஜெப்ரி நெவில் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் ஓடுகளின் பட்டியல் தயாரித்தவர்.

◆ கதவுள்ள நத்தை பார்த்திருக்கிறீர்களா? இலங்கைக் காடுகளில் சைக்ளோபோரிடே குடும்பத்து நத்தைகள், உள்ளே போனதும் வட்டமான மூடியால் வாயை அடைத்துக்கொள்ளும். இவற்றில் ஆண் வேறு, பெண் வேறு. கொம்பு ஒரு சோடிதான், கண் அதன் அடியில். பார்க்கத் தோட்டத்து நத்தை மாதிரியே இருந்தாலும், வகைப்பாட்டில் இவற்றின் நெருங்கிய சொந்தம் வயலிலும் குளத்திலும் இருக்கும் மூடி நத்தைகள். கடலிலிருந்து தரைக்கு நத்தைகள் ஏறி வந்தது ஒரே தடவையில் அல்ல. வேறு வேறு கிளைகள், வேறு வேறு காலங்களில். கதவைச் சாத்திவிட்டால் மூச்சு? சில இனங்களில் அதற்கென்றே ஓட்டின் வாயருகே சிறு வழி இருக்கிறது.

◆ பல்கனியில் பூச்சாடி வைத்திருக்கிறீர்களா? மண்ணைக் கிளறிப் பாருங்கள். ஒரு சென்ரிமீற்றர் நீளத்தில், ஊசிபோல, கண்ணாடி மாதிரி மஞ்சள் ஓடு கிடைக்கலாம். சுபுலைனா ஒக்டோனா. உள்ளே இருக்கும் முட்டைகள் ஓட்டுக்கு வெளியே தெரியும். பூச்சாடி மண்ணோடு உலகின் வெப்பநாடுகள் பலவற்றுக்கும் பரவிவிட்டது. இவ்வளவு காலமும் சுபுலினிடே என்ற தனிக்குடும்பத்தில் இருந்ததை, 2017இல் வெளியான வகைப்பாட்டுத் திருத்தத்தில் அகட்டினிடே குடும்பத்துக்குள் கொண்டுவந்தார்கள். மதிலில் ஊரும் இராட்சதனும் சாடிக்குள் ஊசியும் இன்று ஒரே குடும்பம்!

◆ நத்தைகளின் குடும்ப மரத்தை மரபணுவை வைத்து முதன்முதலில் பெரிய அளவில் வரைந்தது 2001இல். வேட், மோர்டன், கிளார்க் என்ற மூவரின் ஆய்வு. கொம்பு நுனியில் கண்ணுள்ள நத்தைகள் எல்லாம் இரண்டே பெருங்கிளைகளாகப் பிரிந்தன. ஒன்று அகட்டினாக் கிளை. மற்றது மீதி எல்லாம். மதில் நத்தை முதற்கிளையில். அகேவஸ் மற்றக் கிளையில். நம் கண்ணுக்கு இரண்டும் நத்தை. அந்த ஆய்வின் மரபணுக் கணக்கில் அந்த வருணத்துக்குள் இதைவிடத் தூரத்துச் சொந்தம் கிடையாது.

◆ இராட்சத நத்தைக்குப் பெயர் வைத்தவர் யார் என்பதில்கூட வழக்கு. பல வருடங்கள் பெருசாக், 1821 என்று எழுதினார்கள். அந்த வருடம் அவர் பெயரை மட்டும் அச்சிட்டாரே ஒழிய விவரணை எழுதவில்லை என்று பின்னால் தெரிந்தது. விவரணை இல்லாத பெயர் செல்லாது. இப்போது போடிச், 1822 என்று எழுதுகிறார்கள்.

◆ ஹவாயின் மர நத்தை அகட்டினெல்லா. பெயரைப் பார்த்து அகட்டினாவின் தங்கச்சி என்று எண்ணிவிடாதீர்கள், குடும்பமே வேறு. ஆனால் இரண்டுக்கும் ஒரு கொடுமையான தொடர்பு உண்டு. ஹவாயில் இராட்சத நத்தையின் தொல்லை தாங்காமல் அதைத் தின்னட்டும் என்று 1955இல் யூகிளண்டினா என்ற நத்தைதின்னி நத்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது பெரிய நத்தையைத் துரத்துவதை விட, அழகழகான சின்ன மர நத்தைகளைப் பிடித்து விழுங்குவதில் கெட்டிக்காரனாக இருந்தது. இனம் இனமாக அழிந்தன. அகட்டினெல்லா அபெக்ஸ்புல்வா இனத்தின் கடைசி நத்தை ஆய்வுகூடத்துப் பெட்டிக்குள் தனியே 14 வயது வரை வாழ்ந்து 2019 சனவரி 1ஆம் திகதி இறந்தது. ஜோர்ஜ் என்று பெயர் வைத்திருந்தார்கள். பசுபிக்கின் மோரியா தீவிலும் 1977இல் இதே வைத்தியம், இதே சாவு. அங்கே போனவை பார்ட்டுலா நத்தைகள். அதிகாரிகளுக்கு ஒரு தீவின் அனுபவம் மற்றத் தீவுக்குப் போய்ச்சேர இருபது வருடம் போதவில்லை.

◆ இலங்கையில் இராட்சத நத்தையை அடக்க உள்ளூரிலேயே ஆள் இருக்கிறது: மின்மினி. லம்ப்ரிஜெரா டெனெப்ரோசா என்ற பெரிய மின்மினியின் புழு, இராட்சத நத்தையைத் தொடர்ந்து போய்க் கடித்து, மயங்க வைத்துத் தின்னும். 1924இல் ஹட்சன், ஒஸ்டின் இருவரும் இதன் வாழ்க்கையை இலங்கை விவசாயத் திணைக்களத்துக்காக விரிவாக எழுதினார்கள். செண்பகமும் நத்தை தின்னும். செண்பகம் ஒதுங்கப் பற்றையும், மின்மினி ஒளிய ஈர இலைக்குப்பையும் நாம் மிச்சம் வைத்தால் மீதியை அவை பார்த்துக்கொள்ளும். கொழும்பு பத்தில் அதற்கு இடம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

◆ நத்தை வயிற்றிலும் முத்துப் பிறக்கும் என்பார்கள். தரை நத்தையின் வயிற்றில் பிறக்கக்கூடியது வேறொன்று: எலியின் நுரையீரல் புழு. 1935இல் சீனாவின் கன்டன் நகரத்து எலிகளில் கண்டுபிடிக்கப்பட்டது. எலியின் எச்சத்தோடு வெளிவரும் குஞ்சுப் புழுவை நத்தை தின்னும். நத்தையிலிருந்து மீண்டும் எலிக்குப் போகும். இடையில் தவறி மனித உடம்புக்குள் வந்தால் மூளை உறையில் அழற்சி. இலங்கையிலும் நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். எலியும் நத்தையும் ஒரே கானோரத்தில் வாழும் நகரத்தில் இதை அலட்சியம் செய்ய முடியாது. வல்லாரைச் சம்பலுக்கு வாங்கும் கீரையை இலை இலையாகப் பிரித்து, ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பச்சையாக உண்ணும் எந்தக் கீரைக்கும் இதுதான் விதி. நத்தையைத் தொட்ட பிள்ளைகளைச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வையுங்கள்.

◆ உப்பு போட்டால் நத்தை ஏன் சாகிறது? தோல் ஈரமானது, மூடாதது. வெளியே உப்பு கூடினால் உடம்பின் நீர் வெளியே இழுபடும். உப்பு மண்ணிலும் சேரும். அடுத்த மாதம் அந்த இடத்தில் கறிவேப்பிலையும் ரம்பையும் கருகும். கையுறை போட்டு மாலையில் நத்தையைப் பொறுக்கி, கடும் உப்புநீர் வாளியில் போட்டு, பிறகு ஆழக் குழிதோண்டிப் புதைப்பது நல்லது. பப்பாசி இலையையோ கோவா இலையையோ ஈரச் சாக்கின் அடியில் வைத்தால் தானாக வந்து கூடும். ஓடுகளை வெளியே விடாதீர்கள். மழைநீர் தேங்கினால் நுளம்பு முட்டையிடும்.

◆ எதைப் பொறுக்குவது, எதை விடுவது? ஓடு நீண்டு, நுனி கூராகி, பழுப்பில் நெடுக்குக் கோடுகள் ஓடினால் ஆபிரிக்க இராட்சதன். பொறுக்கலாம். ஓடு உருண்டையாக, வாய் விளிம்பு வெளியே மடிந்து விரிந்திருந்தால் அகேவஸ். மாளிகாவத்தையில் கண்டுகொள்வது கடினம்தான். ஆனால் இங்கே இருக்கிற பல குடும்பங்களுக்குப் பேருவளையிலோ காலியிலோ மாமி வீடோ சாச்சா வீடோ இருக்கும். அடுத்த பெருநாளுக்குப் போனால் இரவில் டோர்ச் அடித்துப் பலாமரத்தைப் பாருங்கள். கண்டால் படம் எடுங்கள். அழகாக இருக்கிறதே என்று பிய்த்துக் கொழும்புக்குக் கொண்டுவர வேண்டாம். அது இருந்த மரத்திலேயே இருக்கட்டும். வாழைக்கன்றோ பூச்செடியோ கொண்டுவந்தால், வேர்மண்ணை உதறிப் பார்த்த பிறகு வாகனத்தில் ஏற்றுங்கள்.